ஒரே பெயர், இரு பெறுமதி: இலங்கை ரூபாவும் இந்திய ரூபாவும்

இந்தியாவிலிருந்து புடைவையோ மிளகாயோ வெங்காயமோ தருவிக்கும் எமது வர்த்தகர்களிடம் டொலரின் விலையைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். இந்திய ரூபா என்ன விலை என்று கேட்டால் பெரும்பாலானோர் கல்குலேட்டரைத் தேடுவார்கள். இது ஒரு குறையல்ல. உண்மையில் அந்த விலை பிறப்பதே கல்குலேட்டரில்தான். கொழும்பில் ஒரு டொலருக்கு எத்தனை இலங்கை ரூபா, மும்பாயில் ஒரு டொலருக்கு எத்தனை இந்திய ரூபா என்ற இரு இலக்கங்களை எடுத்து, முன்னையதைப் பின்னையதால் வகுத்தால் கிடைப்பதே இரு ரூபாக்களுக்கும் இடையிலான வீதம். இவ்விரு நாணயங்களையும் நேருக்கு நேர் வைத்துப் பேரம் பேசும் பெரிய சந்தை எதுவும் கிடையாது.

ஆகவே இந்திய ரூபா வீழ்ச்சி கண்டது என்ற செய்தியை மட்டும் படித்துவிட்டுச் சென்னைக்கு டிக்கெட் எடுப்பவர் பாதிக் கணக்கைத்தான் பார்த்திருக்கிறார். அதே காலத்தில் எமது ரூபா எவ்வளவு வீழ்ந்தது என்பது மறுபாதி. கடந்த அரை நூற்றாண்டுக்கு மேலாக இரண்டுமே வீழ்ந்துகொண்டுதான் வந்திருக்கின்றன. எது வேகமாக வீழ்ந்தது என்பதே கேள்வி.

ஒன்றுக்கு ஒன்று

ஒரு காலத்தில் இந்தக் கணக்கே தேவைப்படவில்லை. 1872 இல் இலங்கையில் இந்திய வெள்ளி ரூபாவே சட்டபூர்வ நாணயமானது. ஒரேயொரு வித்தியாசம், இங்கு ரூபாவை நூறு சதங்களாகப் பிரித்தார்கள். இந்தியாவில் 1957 வரை பதினாறு அணா கணக்குத்தான். இலங்கையில் நோட்டுகளை வெளியிட்டு வந்த ஒரியன்டல் வங்கி 1884 இல் முறிந்தபோது, அரசாங்கம் தானே நோட்டு வெளியிடும் பொறுப்பை ஏற்று நாணயச் சபையொன்றை அமைத்தது. அந்த நோட்டுகளுக்குப் பின்னால் நின்றதும் பெரும்பாலும் இந்திய ரூபாதான்.

இதன் பலனை வணிக சமூகம் நன்றாகவே அனுபவித்தது. கீழக்கரை, காயல்பட்டினத்து வர்த்தகர்களும் செட்டிநாட்டு வட்டிக்கடைக்காரர்களும் இரு கரைகளிலும் ஒரே பேரேட்டில் கணக்கெழுத முடிந்தது. பர்மாவிலும் இந்திய ரூபாவே புழங்கியதால் ரங்கூன் அரிசிக்கும் சென்னைத் துணிக்கும் கொழும்புக் கடை வாடகைக்கும் ஒரே நாணயம். தோட்டத் தொழிலாளி ஊருக்கு அனுப்பிய பத்து ரூபா ஊரிலும் பத்து ரூபாவாகவே இருந்தது. நாணயமாற்று நட்டம் என்ற சொல் அந்தக் கணக்குப் புத்தகங்களில் வரவேண்டிய அவசியமே இருக்கவில்லை.

1950 ஓகஸ்ட் 28 இல் இலங்கை மத்திய வங்கி இயங்கத் தொடங்கியது. சட்டப்படி தொப்புள்கொடி அன்று அறுந்தது. இலங்கை ரூபாவுக்குத் தங்கத்தில் தனிப் பெறுமதி நிர்ணயிக்கப்பட்டது. எனினும் அந்தப் பெறுமதியும் இந்திய ரூபாவின் பெறுமதியும் ஒன்றாகவே இருந்தன. டொலருக்கு 4.76 ரூபா, ஸ்டேர்லிங் பவுணுக்கு 13.33 ரூபா என்பது இரு நாட்டுக்கும் பொதுவான கணக்கு. மேலும் பதினாறு ஆண்டுகள் ஒன்றுக்கு ஒன்று என்ற நிலை நீடித்தது.

1966 ஜூன் 6

அன்று இந்திரா காந்தியின் அரசாங்கம் இந்திய ரூபாவை மதிப்பிறக்கம் செய்தது. டொலர் 4.76 இலிருந்து 7.50 ஆனது. இலங்கை அசையவில்லை. ஒரே இரவில் நூறு இலங்கை ரூபா 157 இந்திய ரூபா 50 பைசாவுக்குச் சமமாயிற்று. இன்றைய இளம் வர்த்தகர்களுக்கு இது நம்ப முடியாத இலக்கமாக இருக்கும். ஆனால் உத்தியோகபூர்வ வீதம் அதுதான்.

இதை நினைத்து அதிகம் பெருமைப்பட வேண்டியதில்லை. அது கடதாசியில் இருந்த விலை. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடும் இறக்குமதி அனுமதிப்பத்திரமும் இறுகியிருந்த காலம் அது. நூறு ரூபாவை வங்கிக் கவுண்டரில் நீட்டி 157 இந்திய ரூபாவை எண்ணி வாங்கிக்கொண்டு கப்பலேறும் வசதி சாதாரண வியாபாரிக்கு இருக்கவில்லை. நாணயத்துக்கு நல்ல விலை எழுதிவைப்பது இலகு, அந்த விலைக்குச் செலாவணி கொடுப்பதுதான் கஷ்டம். இந்தப் பாடம் இந்நாட்டில் பின்னரும் ஓரிரு தடவைகள் திரும்பி வந்தது.

அதே மதிப்பிறக்கம் வளைகுடாவிலும் ஒரு வேலை செய்தது. கட்டார், துபாய் முதலிய இடங்களில் அப்போது இந்திய ரிசர்வ் வங்கி அச்சிட்ட வளைகுடா ரூபாவே புழங்கியது. தமது கையிருப்பு ஒரே நாளில் மூன்றிலொரு பங்குக்கும் மேலாகத் தேய்ந்ததைக் கண்ட அவர்கள் அந்த ஆண்டிலேயே வேறு நாணயத்துக்கு மாறினார்கள். குவைத்தும் பஹ்ரைனும் அதற்கு முன்பே விலகியிருந்தன. எமது பிள்ளைகள் இன்று ரியாலிலும் திர்ஹத்திலும் சம்பளம் வாங்குவதற்குப் பின்னால் அந்த ஜூன் மாதமும் இருக்கிறது.

இலங்கையின் முறை 1967 நவம்பரில் வந்தது. பிரித்தானியா பவுணை மதிப்பிறக்கிய கையோடு டட்லி சேனாநாயக்கவின் அரசாங்கமும் ரூபாவை 20 சதவீதம் இறக்கியது. டொலர் 5.95 ஆனது. இப்போது நூறு இலங்கை ரூபாவுக்கு 126 இந்திய ரூபா. இன்னமும் எமது ரூபாவே உயர்வு.

1968 மே மாதத்தில் அந்நியச் செலாவணி உரித்துச் சான்றிதழ் முறை வந்தது. அதன்பின் ஒரே ரூபாவுக்கு இரண்டு விலைகள். அரிசி, மா, மருந்து போன்ற அத்தியாவசியப் பொருட்களுக்கு உத்தியோகபூர்வ வீதம், ஏனையவற்றுக்கு அதற்கு மேல் 44 சதவீதம் கூடுதல் விலை. அந்தக் கூடுதல் பின்னர் 55 ஆகி, 65 ஆகவும் ஏறியது. 1976 இல் உத்தியோகபூர்வ டொலர் இலங்கையில் சராசரியாக 8.40 ரூபா அளவில், இந்தியாவில் 9 ரூபா அளவில். இதன்படி எமது ரூபா சற்று மேல். சான்றிதழ் விலையைச் சேர்த்தால் இங்கு டொலர் ஏறக்குறைய 14 ரூபா. இதன்படி ஒரு இந்திய ரூபாவுக்கு ஒன்றரை இலங்கை ரூபா. புடைவை வியாபாரி இந்த இரண்டாவது கணக்கில்தான் வாழ்ந்தான்.

1977 நவம்பரில் ஜே. ஆர். ஜயவர்தனவின் அரசாங்கம் இரட்டை விலையை ஒழித்து, டொலருக்கு 16 ரூபா என்று ஆரம்பித்து ரூபாவை மிதக்கவிட்டது. ஒரு இந்திய ரூபா சுமார் 1.85 ஆனது. இலங்கை ரூபா இந்திய ரூபாவை விட உயர்வாக இருந்த காலம் கடதாசியிலும் அன்றோடு முடிந்தது.

ஏறி இறங்கிய கணக்கு

அதன் பின்னர் எமது ரூபா இந்திய ரூபாவுக்கு எதிராக ஒரே நேர்கோட்டில் சரிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. 1980 இல் இலங்கையில் விலைவாசி 26 சதவீதம் ஏறியது. ரூபா தேய்ந்தது. 1983 அளவில் ஒரு இந்திய ரூபா 2.30 ஐத் தாண்டி, 1990 இலும் சராசரி 2.29 ஆகவே நின்றது.

அடுத்த திருப்பம் டில்லியிலிருந்து வந்தது. 1991 இல் இந்தியாவின் செலாவணிக் கையிருப்பு சில வார இறக்குமதிக்கு மட்டுமே போதுமானதாகச் சுருங்கி, தங்கத்தை விமானத்தில் ஏற்றி வெளிநாட்டில் அடகு வைக்கும் நிலை வந்தது. ஜூலை 1 ஆம், 3 ஆம் திகதிகளில் இரு படிகளில் ரூபாவை இறக்கினார்கள். டொலர் 21 ரூபா அளவிலிருந்து 26 ரூபா அளவுக்குச் சென்றது. 1993 இல் வீதத்தைச் சந்தையிடம் விட்டபோது 31 ஐத் தாண்டியது. அதே காலத்தில் எமது ரூபா 40 இலிருந்து 48 க்குத்தான் நகர்ந்தது. வகுத்துப் பாருங்கள். 1990 இல் 2.29 ஆக இருந்த இந்திய ரூபா 1993 இல் சராசரி 1.58.

பத்தாயிரம் இந்திய ரூபாப் புடைவைக் கட்டுக்கு 1990 இல் 22,900 இலங்கை ரூபா வேண்டும், 1993 இல் 15,800 போதும். இந்தியாவில் புடைவை விலையும் ஏறியிருக்குமே என்று கேட்கலாம். ஏறியதுதான். ஆனால் இரு நாடுகளிலுமே அக்காலத்தில் விலைவாசி ஆண்டுக்குப் பத்து சதவீதத்தை அண்டியே ஏறியதால், வீதத்தில் கிடைத்த அனுகூலத்தின் பெரும்பகுதி கையில் மிஞ்சியது. 1990 களில் பொதி சுமந்த குருவிகள் கொழும்புக்கும் சென்னைக்கும் இடையே ஏன் அத்தனை சுறுசுறுப்பாகப் பறந்தன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. 1998 வரை இந்திய ரூபா 1.60 ஐ ஒட்டியே கிடந்தது.

பிறகு காற்று மாறியது. யுத்தச் செலவும் எண்ணெய் விலையும் அழுத்த, கையிருப்பு கரைந்து, 2001 ஜனவரியில் மத்திய வங்கி ரூபாவை முழுமையாக மிதக்கவிட்டது. இந்தியாவிலோ மென்பொருள் ஏற்றுமதியாலும் வெளிநாட்டு முதலீட்டாலும் டொலர் குவிந்துகொண்டிருந்தது. 2007 இல் சராசரி 2.67. ஒன்பதே ஆண்டுகளில் இந்தியச் சரக்கு எமது பணத்தில், விலைப்பட்டியல் மாறாமலே, மூன்றில் இரண்டு பங்கு விலை கூடியிருந்தது.

பில் எந்த நாணயத்தில்?

2013 ஆம் ஆண்டைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயன் தரும். அவ்வாண்டு மே மாதத்தில் அமெரிக்க மத்திய வங்கி பண விநியோகத்தைக் குறைக்கப்போவதாகச் சாடை காட்டியதும் இந்தியாவிலிருந்து டொலர் வெளியேறத் தொடங்கியது. டொலருக்கு 54 ஆக இருந்த இந்திய ரூபா ஓகஸ்ட் இறுதியில் 68 ஐயும் தாண்டியது. இலங்கையில் டொலர் 126 இலிருந்து 133 அளவுக்கே சென்றது. ஒரு இந்திய ரூபா சுமார் 2.33 இலிருந்து 2 இற்கும் கீழே இறங்கிற்று.

எமது இறக்குமதியாளர்கள் எல்லோருக்கும் இது இலாபமாக இருந்திருக்க வேண்டும் அல்லவா? இல்லை. 540 இந்திய ரூபா விலையுள்ள ஒரு சேலையை எடுத்துக்கொள்வோம். அதை இந்திய ரூபாவில் பில் போட்டு வாங்கியவருக்கு மே மாதத்தில் சுமார் 1,260 இலங்கை ரூபா, ஓகஸ்ட் இறுதியில் சுமார் 1,056. சேலைக்கு இருநூறு ரூபா மிச்சம். அதே சேலையைப் பத்து டொலர் என்று பில் போட்டு வாங்கியவருக்கு மே மாதத்தில் 1,260, ஓகஸ்டில் 1,330. இந்திய ரூபா வீழ்ந்த காலத்தில் அவர் கூடுதலாகக் கொடுத்தார்! ஆனால் விற்ற சூரத் வியாபாரிக்கு அதே பத்து டொலர் 540 க்குப் பதிலாக 680 ஐக் கொண்டுவந்தது. இந்திய நாணயத்தின் வீழ்ச்சியால் கிடைத்த இலாபம் முழுவதும் அவர் பெட்டியில்.

எமது இறக்குமதியில் பெரும்பகுதி டொலர் பில். எல்.சி. திறக்கும் வங்கிக்கும் அதுவே வசதி. அதை மாற்ற முடியாவிட்டாலும், இந்திய ரூபா வேகமாக இறங்கும் மாதங்களில் பழைய டொலர் விலைக்கே ஓடர் கொடுக்காமல் தொலைபேசியை எடுத்து விலை கேட்க முடியும். விற்பவர் தானாகக் குறைத்துத் தரமாட்டார். இந்திய ரூபா உறுதியாக நிற்கையில் அவரே அழைத்து விலை கூட்டச் சொல்வார் என்பதை மட்டும் கவனித்தால் போதும்.

இதற்கு மாறான வருடம் 2012. பெப்ரவரியில் மத்திய வங்கி ரூபாவைத் தாங்கிப்பிடிப்பதை நிறுத்தியதும் டொலர் 114 இலிருந்து சில மாதங்களில் 130 ஐத் தாண்டியது. டுபாய், சீனாவிலிருந்து இறக்கியவர்கள் திண்டாடினார்கள். இந்திய ரூபாவும் அதே மாதங்களில் 50 அளவிலிருந்து 57 வரை இறங்கியதால் இரண்டுக்கும் இடையிலான வீதம் அதிகம் அசையவில்லை. இந்திய ரூபாவில் கணக்குத் தீர்த்தவருக்கு அந்தப் புயல் கதவைத் தட்டாமலே போயிற்று.

2022

எந்த நாணயத்தில் பில் போட்டாலும் தப்பமுடியாத வருடம் 2022. 2021 செப்டெம்பர் முதல் டொலரைச் சுமார் 200 ரூபாவில் கட்டிவைத்திருந்தார்கள். வங்கியில் அந்த விலை இருந்தது, டொலர் இருக்கவில்லை. உண்டியல்காரரிடம் டொலர் இருந்தது, அந்த விலை இருக்கவில்லை. 1966 ஆம் ஆண்டின் கடதாசி விலை நினைவுக்கு வரவில்லையா?

மார்ச் 7 இல் கட்டை அவிழ்த்தார்கள். 230 ஐத் தாண்டாத அளவில் கொடுக்கல் வாங்கல் நடைபெறும் என்றே மத்திய வங்கி அன்று அறிவித்தது. மே நடுப்பகுதியில் டொலர் 360 அளவில் நின்றது. இந்திய ரூபா அந்த இரண்டு மாதத்தில் ஒன்றிரண்டு ரூபா மட்டுமே அசைந்ததால் முழு வீழ்ச்சியும் எமது பக்கத்தில் விழுந்தது. ஒரு இந்திய ரூபா 2.65 இலிருந்து 4.65.

பெப்ரவரியில் மூன்று மாதக் கடனில் பத்து இலட்சம் இந்திய ரூபாச் சரக்கு இறக்கிய ஒருவரை நினைத்துப் பாருங்கள். இருபத்தாறரை இலட்சம் கொடுக்க வேண்டும் என்று கணக்கிட்டு, அதற்குமேல் இலாபம் வைத்து, நோன்புப் பெருநாள் வியாபாரத்தில் சரக்கை விற்றும் முடித்துவிட்டார். கடன் தவணை வந்தபோது வேண்டியது நாற்பத்தாறரை இலட்சம். விற்ற பணம் முழுவதையும் கொடுத்தாலும் போதாது. அந்த வருடம் கடையை மூடியவர்களில் பலர் வியாபாரம் தெரியாதவர்களல்ல, சரக்குத் தேங்கியவர்களுமல்ல.

முன்கூட்டியே நாணய விலையைப் பேசிவைக்கும் ஒப்பந்தங்கள் வங்கிகளில் உண்டு. நாணயத்துக்கு நாணயம் கைக்குக் கை மாறவேண்டும் என்ற சட்டத்தைக் கருதி எமது வர்த்தகர்களில் பலர் அவற்றை நாடுவதில்லை. வாக்குறுதி அடிப்படையில் அமைந்த ஏற்பாடு இருக்கிறதா என இஸ்லாமிய வங்கிப் பிரிவுகளில் விசாரிக்கலாம். ஆனால் 2022 ஏப்ரலில் எந்த வங்கியும் எவருக்கும் முன்விலை சொல்லும் நிலையில் இருக்கவில்லை. அப்போது தப்பியவர்கள் கடனைச் சிறிதாக வைத்திருந்தவர்களும், சரக்கை விற்ற விலையை வாங்கிய விலையிலிருந்து கணக்கிடாமல் அடுத்த சரக்கு வரும் விலையிலிருந்து கணக்கிட்டவர்களுமே.

திரும்பிய காற்று இன்னொரு தரப்பை அடித்தது. 2023 இன் முற்பாதியில் சர்வதேச நாணய நிதியத்தின் உதவி உறுதியானதோடு டொலர் 360 இலிருந்து 300 இற்கும் கீழே இறங்கியது. இன்னும் ஏறும் என்று பயந்து உயர்ந்த விலையில் களஞ்சியத்தை நிரப்பியவர்கள், மலிவாக இறக்கிய பக்கத்துக் கடைக்காரரோடு போட்டிபோட நேர்ந்தது. 2024 முடிவில் இந்திய ரூபா மூன்றரைக்குச் சற்றுக் கீழே நின்றது. 1977 நவம்பரிலிருந்து 2024 வரை டொலருக்கு எதிராக இந்திய ரூபா ஏறத்தாழ பத்து மடங்கும், எமது ரூபா ஏறத்தாழ பத்தொன்பது மடங்கும் தேய்ந்திருக்கின்றன. இந்தியாவை விட எமது நாட்டில் விலைவாசி நெடுங்காலம் வேகமாக ஏறியதன் விலை அது.

இரண்டு தடவை வெட்டு

கையில் காசு கொண்டு செல்வோருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. இலங்கை ரூபாவை டொலராக்கி, அதைச் சென்னையில் இந்திய ரூபாவாக்கும்போது இரண்டு இடத்தில் தரகு வெட்டு விழுகிறது. உதாரணமாக நடு விலை இங்கு 300, அங்கு 84 என்றால் இந்திய ரூபா 3.57. நீங்கள் 304 க்கு டொலர் வாங்கி, அங்கு 83 க்கு விற்றால் உங்களுக்கு விழும் விலை 3.66. ஒன்பது சதம்தானே என்று தோன்றும். பத்து இலட்சம் இந்திய ரூபாவுக்கு அது சுமார் 91,000 இலங்கை ரூபா. விமான டிக்கெட்டும் ஹோட்டலும் இதற்குள் அடங்கிவிடும்.

அதனால் மீதமாகும் இந்திய நோட்டுகளை அடுத்த பயணத்துக்கென்று லாச்சியில் போட்டுவைக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபா நோட்டுகள் செல்லாது என்று டில்லி அறிவித்தபோது, இந்தியாவுக்கு வெளியே அவற்றை வைத்திருந்தவர்களுக்கு மாற்றும் வழி அநேகமாக இருக்கவில்லை.

டொலரைத் தொடாமல் கணக்குத் தீர்க்கும் வழிகளும் மெல்லத் திறக்கின்றன. 2022 ஜூலையில் இந்திய ரிசர்வ் வங்கி வெளிநாட்டு வர்த்தகத்தை இந்திய ரூபாவிலேயே பில் போட்டுத் தீர்க்க அனுமதி அளித்தது. 2024 பெப்ரவரியில் இந்தியாவின் யூ.பி.ஐ. கொடுப்பனவு முறை இங்கு அறிமுகமானது. இந்தியச் சுற்றுலாப் பயணி தன் கைத்தொலைபேசியால் கொழும்புக் கடையில் பணம் செலுத்தலாம். எமது இறக்குமதியாளருக்கு முக்கியமானது முதலாவதுதான். உங்கள் வங்கி முகாமையாளரிடம் அடுத்த எல்.சி. திறக்கும்போது இரண்டு விலைகளையும் கேளுங்கள்: இந்திய ரூபாவில் நேரடியாகத் தீர்த்தால் என்ன வீதம், டொலர் வழியாகத் தீர்த்தால் என்ன வீதம். நேரடி வீதத்துக்குள்ளும் டொலர் ஒளிந்திருக்கும். வெட்டு ஒரு தடவையா இரண்டு தடவையா என்பதை மட்டும் வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.